சொரிமுத்துவுக்கு வரவேண்டிய அடி

முக்குறுணிவிளையில் மாவு மில் வைத்திருந்த வண்டிமலைச்சி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஊர்ப் பெண்கள் தூக்குவாளியும் சாக்குப்பையுமாக வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மிளகாய்த்தூளைச் சலித்து டப்பாவில் கொட்டும்போது இடது கன்னத்தில் பளாரென்று ஓர் அறை வாங்கினாள். அறைந்தவன் அங்கே இல்லை. அவள் சுற்றுமுற்றும் பார்க்கவுமில்லை, ஐயோ என்று அலறவுமில்லை, கன்னத்தைத் தடவி, மோதிரம் பதிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலையில எங்க அண்ணன் அடிச்சது. இப்பத்தான் வந்து சேருது" என்று சொல்லி அடுத்த ஆளின் அரிசியை வாங்கி எந்திரத்தில் கொட்டினாள். வரிசையில் நின்றவர்களும் அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மில்லுக்குப் பின்னால் ஒரு களம் இருந்தது. செம்மண் தரை, ஒரு வேப்பமரம், சுற்றிலும் பனைமட்டை வேலி. அங்கே தினமும் காலையில் மூன்று வகுப்பு நடக்கும். கிழக்கு மூலையில் மலைச்சி சிலம்பம் சொல்லிக்கொடுப்பாள்; கம்பு அவள் மணிக்கட்டில் திரும்புகிற வேகத்துக்கு அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. மேற்கு மூலையில் அவள் புருஷன் சொரிமுத்து, டவுன் பஸ் கண்டக்டர், வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டுமாக நின்று கராத்தே நடத்துவான். நடுவில் வேப்பமரத்தடியில் அவள் அண்ணன் சுடலைக்கண்ணு, ஊருக்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற வர்ம வைத்தியன், எந்த இடத்தில் தட்டினால் ஆள் விழுவான், எந்த இடத்தில் தட்டினால் விழுந்தவன் எழுவான் என்று அடிமுறை சொல்லித்தருவான். ஒரே களத்தில் மூன்று வாத்தியார் கத்தினால் யார் குரல் யாருக்குக் கேட்கும்? மூன்றையும் சேர்த்து ஒரே முறையாக ஆக்கிவிடலாம் என்று யாரோ சொல்ல, மூன்று பேரும் அதிசயமாகத் தலையாட்டினார்கள்.

ஆனால் தலையாட்டின மாதிரி கால் ஆடுமா? சிலம்பக்காரிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, கராத்தேக்காரனுக்கு ஊன்றின கால் அசையக் கூடாது, அடிமுறைக்காரனுக்கு மடக்கின முட்டி நிமிரக் கூடாது. மூன்றையும் ஒரே உடம்பில் ஏற்றப் போனதில், படிக்க வந்த பிள்ளைகள் சுடுமணலில் விட்ட கோழிகளைப் போல நின்றார்கள். கோடை விடுமுறைக்குள் முடித்துத் தாருங்கள் என்று பெற்றவர்கள் வேறு அவசரப்படுத்தினார்கள். அப்போதுதான் அந்த வேலையைச் செய்தார்கள். சிலம்பத்தில் கடைசியாகக் கம்பைத் தாழ்த்தி, மண்ணைத் தொட்டு வணக்கம் வைத்து ஆட்டத்தை முடிப்பது உண்டு, அதை எடுத்துவிட்டாள் மலைச்சி. எதிராளியின் தோலில் பட்டும் படாமல் குத்தை நிறுத்துகிற பயிற்சியைத் தூக்கிப்போட்டான் சொரிமுத்து. அடியைக் கற்றுக்கொடுக்கும் முன்னால் அந்த அடியை எடுக்கிற இளக்குமுறையைக் கற்றுக்கொடுத்தே ஆகவேண்டும் என்பது சுடலைக்கண்ணு குடும்பத்தின் கட்டாயம், அதை அவன் விட்டான். அடி மட்டும் போதும், மற்றதெல்லாம் நேரத்தைத் தின்கிறது என்றார்கள். மூன்று பேரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதிலிருந்து களத்தில் அடித்த அடிகள் தாமதமாக வந்து சேர ஆரம்பித்தன. அடிக்கும்போது உடம்பில் படும், ஒன்றும் தெரியாது. பிறகு சாயங்காலமோ மறுநாளோ, அடி வாங்கினவன் எங்கே இருந்தாலும் தேடிவந்து விழும். ஊர் அதற்கு ஒரு பெயரும் வைத்தது, வரத்து என்று, குளத்துக்குத் தண்ணீர் வருவதைச் சொல்கிற அதே சொல். சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தம்பி களத்துக்குப் போற ஆளா? வரத்து எதுவும் இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்று சத்தியம் வாங்கிய பிறகே தாடையில் கை வைப்பார். டீக்கடைத் தாயப்பன் களத்துப் பிள்ளைகளுக்கு அரை டம்ளர்தான் ஊற்றுவார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளை முந்தின நாள் உதை ஒன்று வந்து மணவறையிலிருந்து பந்தி வரைக்கும் போய் விழுந்தான். பெண்ணின் அப்பா கோபப்படவில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் வருத்தப்பட்டார். பிறகு ஜாதகம் பார்க்கும்போதே வரத்து உண்டா என்று கேட்டுக்கொள்கிற வழக்கம் வந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருப்பதை மலைச்சிதான் முதலில் கண்டுபிடித்தாள். மூன்று வித்தையும் சரியாகக் கலக்காமல் கரடுமுரடாக விழுந்த அடி சீக்கிரம் வந்துவிடும். கலப்பு நன்றாக இருந்தால் வரத்துக்கு நாள் ஆகும். "அப்ப நாம இன்னும் சரியாக் கலக்கலைன்னு அர்த்தம். எல்லாம் அன்னைக்கோ மறுநாளோ வந்திருதே" என்றாள் அவள், மிகவும் கவலையாக.

ஆடி பிறந்த கையோடு போர்டு எழுதுகிற பேச்சு வந்தது. களத்து வாசலில் என்ன பெயர் வைப்பது, எதை முதலில் எழுதுவது? அடிமுறைதான் மூலம், அதுதான் மேலே வரவேண்டும் என்றான் சுடலைக்கண்ணு. பிளாக் பெல்ட் இருப்பதால்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்றான் சொரிமுத்து. மச்சானும் மாப்பிள்ளையும் வேப்பமரத்தடியில் முகத்துக்கு முகம் நின்று கத்த, பெயிண்டர் பிரஷ்ஷோடு ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, மலைச்சி கையில் கம்போடு வந்து, "அப்ப சிலம்பம் எங்க வருது?" என்று கேட்டாள்.

"கம்பு சுத்துறதா?" என்றான் சொரிமுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல். "அது கோயில் கொடைக்கு ஆடுற ஆட்டமுல்லா? சண்டையில அதுக்கு என்ன வேல? ஓரமா சின்னதாப் போடச் சொல்லு."

பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். களம் அவள் அப்பாவின் களம். விடியலில் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது அவள். இரண்டு ஆண்களின் வித்தையையும் வாங்கித் தன் உடம்பில் பொருத்திப் பார்த்து, காலும் இடுப்பும் வலித்து, விட்டுவிடாமல் இத்தனை மாதம் மாவரைத்த மாதிரி அரைத்ததும் அவள்தான். மலைச்சி கம்பைக் கீழே போட்டாள். அவள் கால் நகர்ந்ததையும் பார்க்க முடியவில்லை, ஊன்றியதையும் பார்க்க முடியவில்லை; மணிக்கட்டு கம்பில்லாமலே சுழன்றது, இடுப்பு திரும்பியது, விரல்கள் கூம்பிச் சொரிமுத்துவின் நெஞ்சில், அண்ணன் யாருக்கும் பெயர்கூடச் சொல்லித்தராத ஓர் இடத்தில், ஒரு தட்டுத் தட்டின. அந்த ஒரு தட்டில் மூன்றும் ஒன்றாக இருந்தது. அவ்வளவு அழகான அடியை அந்தக் களம் கண்டதில்லை.

சொரிமுத்து நெஞ்சைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். "இவ்வளவுதானா?" என்றான்.

சுடலைக்கண்ணு சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போய்த் தங்கச்சியின் கையைப் பிடித்தான். "ஏட்டி, என்ன காரியம் செஞ்சிருக்க? அது படுவர்மம்டி. விழுந்தா ஆள் மிஞ்ச மாட்டான்."

அன்று சாயங்காலம் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வராமல் இருக்க இருக்க மலைச்சி நாளை எண்ண ஆரம்பித்தாள். எவ்வளவு நாள் ஆகிறதோ அவ்வளவு சுத்தமாகக் கலந்திருக்கிறது என்றல்லவா கணக்கு? புருஷன் சோற்றுத் தட்டில் கை வைக்கும்போதும், செருப்பை மாட்டும்போதும், தும்மும்போதும் அவள் உயிர் ஒருமுறை போய் வந்தது. தான் கொன்றுவிட்ட மனிதனுக்குத் தானே ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஊர் வழக்கம்போல ஏற்பாடு செய்துகொண்டது. பஸ்ஸில் சொரிமுத்துவுக்குப் பக்கத்தில் கைப்பிள்ளைக்காரிகள் நிற்க மாட்டார்கள், மேலே விழுந்துவிட்டால் என்ன செய்வது. சில்லறை இல்லை என்று அவனோடு யாரும் மல்லுக்கட்டுவதில்லை. மலைச்சி போலீஸ் ஸ்டேஷனுக்கே போய், நான் என் வீட்டுக்காரரை அடித்துவிட்டேன், இன்னும் படவில்லை என்று சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்காரவைத்து, "அடிச்சாச்சு, ஆனா படல. நான் என்ன கேஸும்மா போட? பட்டதும் வாங்க" என்று அனுப்பிவைத்தார். முதலில் கேலி பேசிக்கொண்டு திரிந்த சொரிமுத்துகூட புரட்டாசிக்குள் சட்டைக்கு உள்ளே ஓர் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தான். உட்கார்ந்து எழுந்தால் தட்டுச் சத்தம் கேட்கும்.

"அண்ணே, இளக்கு சொல்லிக்குடு" என்று மலைச்சி கேட்டாள். "விழுந்ததும் நான் எடுத்திருதேன்."

சுடலைக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டான். "அடிச்ச கைதான் எடுக்கணும், அது நிசம். ஆனா விழுந்தப்புறம் ஒரு டம்ளர் டீ ஆறுற நேரந்தான் உண்டு. உன் கைதான் கலந்துபோச்சே, மலைச்சி. இனிமே நீ எதச் செஞ்சாலும் அது லேட்டாத்தானே வந்துசேரும்? நீ எடுக்கது வாறதுக்குள்ள பதினாறு கும்பிட்டு முடிச்சிருப்போம்."

மலைச்சி தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்பன்னா இப்பவே எடுத்து அனுப்பிரணும்" என்றாள்.

மறுநாளிலிருந்து முதல் பஸ் கிளம்பும் முன்னால், பஸ் ஸ்டாண்டில், டிரைவரும் பயணிகளும் பார்க்க, சொரிமுத்துவை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து அவன் பிடரியில் கட்டைவிரலை ஊன்றி, முதுகுத்தண்டின் இருபுறமும் உள்ளங்கையால் நீவிக்கொண்டே இறங்கி, தோள்பட்டை நடுவே ஒரு தட்டுத் தட்டி மேலே தூக்குவாள். இனி விழப்போகிற அடியை முன்கூட்டியே எடுப்பது. ஆனால் அந்த நீவல் அன்றைக்கே வந்துவிடும். நண்பகல் டிரிப்பில் டிக்கெட் கிழிக்கும்போது சொரிமுத்துவின் முதுகு தானாக நிமிரும், சுகமாக ஒரு பெருமூச்சு விடுவான், மலைச்சிக்குச் சொல்லிவிடுவார்கள், இன்றைக்கும் வீண் என்று. அடி எப்போது வருமோ, நீவல் அப்போதல்லவா வரவேண்டும்? அடியில் இருந்த மாதிரி நல்ல கலப்பு நீவலிலும் இருந்தாக வேண்டும். அண்ணனிடம் இடத்தைக் கேட்டாள், புருஷனிடம் மூச்சைக் கேட்டாள், கம்பிலிருந்து மணிக்கட்டை எடுத்தாள், இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். சேர்த்தது எல்லாம் மத்தியானத்துக்குள் வந்து கொட்டியது. கோபம் ஒரு நொடியில் கலந்துவிட்டதை அவளுடைய பயத்தால் வாரக்கணக்கில் கலக்க முடியவில்லை. அதற்காக அவள் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளாத நாள் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் சொரிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஊரே நின்னு வேடிக்க பாக்குது. செத்தா செத்துட்டுப் போறேன், என்ன விடு!" என்று கையை உதறிவிட்டு, பெஞ்சில் உட்காராமல் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி இரண்டு விசில் கொடுத்துவிட்டான். பஸ் கிளம்பிவிட்டது. மலைச்சி ஓடினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மில்லில் விட்டு வந்த உளுந்து மாவு கையில் அப்பியபடி, ரேஷன் கடைத் திருப்பம் வரைக்கும் பஸ் பின்னால் ஓடிப்போய்ப் படியைப் பிடித்துத் தொற்றி ஏறி, மூச்சிரைக்க, "நீங்க என்னத் திட்டுங்க, அடிங்க, முதுகக் காட்டிட்டுத் திட்டுங்க அத்தான்" என்று அவனைக் கம்பியோடு சேர்த்து நிறுத்தி நீவினாள். பஸ் குழியில் விழுந்து எழுந்தது. ஊன்றி நிற்க வழியில்லை, நகர இடமில்லை, எந்தக் கால், யாருடைய மூச்சு, யார் சொல்லித்தந்த விரல் என்று நினைக்க நேரமில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கைக்குக் கீழே சூடாக இருந்த அந்த முதுகு மட்டும்தான். சட்டை முழுக்க உளுந்து மாவு.

அன்று நண்பகல் டிரிப்பில் சொரிமுத்துவின் முதுகு நிமிரவில்லை. சாயங்காலமும் இல்லை. மறுநாள் செய்ததும் வரவில்லை, அதற்கடுத்த நாள் செய்ததும் வரவில்லை. தினமும் அவள் நீவினாள், தினமும் ஒன்றும் நடக்கவில்லை.

"வரலைன்னா கலந்துட்டுன்னு அர்த்தமா அண்ணே?" என்று கேட்டாள்.

"அப்படியும் இருக்கலாம்" என்றான் சுடலைக்கண்ணு. "இல்ல, கை வத்திப் போயி ஒண்ணுமே போய்ச் சேராமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல, தாயி."

மழை வந்து போனது, குளம் பெருகியது, தை பிறந்தது. களத்தில் எழுதாத போர்டு சுவரில் சாய்த்தபடியே கிடந்தது. இரண்டு ஆண்களும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். சாயங்காலங்களில் மாப்பிள்ளைக்கு மச்சான் இளக்கு சொல்லிக்கொடுத்தான், மச்சானுக்கு மாப்பிள்ளை மூச்சுக் கட்டச் சொல்லிக்கொடுத்தான், எல்லாம் மலைச்சியின் கைக்கு உதவுமோ என்றுதான்.

மாசி மாதம், வெயில் ஏறின நேரம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போது ஒரு விசில் வந்தது. போகலாம் என்பதற்கு இரண்டு விசில் வேண்டும், இரண்டாவது வரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தபோது சொரிமுத்து படியருகே மடிந்து கிடந்தான்; சட்டைக்கு உள்ளே இருந்த அலுமினியத் தட்டில் கூம்பிய விரல்களின் குழி விழுந்து, அது உட்பக்கமாக வளைந்திருந்தது. தூக்கிக்கொண்டுபோய் டீக்கடை பெஞ்சில் ஒருக்களித்துப் போட்டார்கள். தாயப்பன் எதுவும் கேட்காமல் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் டீ ஊற்றிப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். முக்குறுணிவிளை முழுக்க அந்த டம்ளரைச் சுற்றி நின்றது.

சுடலைக்கண்ணு ஓடிவந்து தன் கையால் எடுத்துப் பார்த்தான். பிடரியில் ஊன்றினான், நீவினான், தூக்கினான். உடம்பு வைக்கோல் பொம்மையாகத் தொங்கியது. அப்போது மலைச்சி வந்து சேர்ந்தாள். தலையெல்லாம் மாவு. வந்தவள் புருஷனைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, கல்லு மாதிரி உக்காந்திருக்கியே! எதாச்சும் செய்யேன்!" என்று ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டாள்.

"செஞ்சாச்சு" என்றாள் மலைச்சி. "வரணும்."

டம்ளரில் ஆவி குறைந்தது. யாரோ காற்று படாமல் இருக்கட்டும் என்று துண்டால் மறைத்தார்கள், டீ ஆறாமல் இருந்தால் நேரமும் ஆறாமல் இருக்கும் என்கிற மாதிரி. சொரிமுத்துவின் உதடு நீலமானது. டீயின் மேல் மெல்ல ஆடை கட்டியது. சுடலைக்கண்ணு அந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். மலைச்சி அழவில்லை. அவள் மனசுக்குள் அந்தப் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள், ரேஷன் கடைத் திருப்பம் வரைக்கும், மறுபடியும் மறுபடியும்.

அப்போது சொரிமுத்துவின் காக்கிச் சட்டை பிடரியில் லேசாக அமுங்கியது. யாரும் தொடவில்லை. அமுங்கின இடத்திலிருந்து முதுகுத்தண்டின் இருபுறமும் துணி சுருங்கிக்கொண்டே இறங்கியது, இறங்கின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உளுந்து மாவு. தோள்பட்டை நடுவே ஒரு தட்டு விழுந்தது, எல்லாருக்கும் கேட்டது. உடம்பு மேலே தூக்கி எழுந்து, கிணற்றிலிருந்து வாளி வருகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே இருந்து வந்தது.

ஊர் கத்தியது. மலைச்சி அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு, யார் பார்க்கிறார்கள் என்றில்லாமல்.

சொரிமுத்து கண்ணைத் திறந்து, குழி விழுந்த தட்டை இழுத்து எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். "ஏட்டி" என்றான். "எம்மேல இம்புட்டுக் கோவமா?"

"அன்னைக்கு இருந்துச்சு" என்றாள்.

அவன் இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தான். பேச முடியவில்லை, ஏனென்றால் அடுத்த நீவல் வந்துவிட்டது. பஸ் ஏறிச் செய்ததற்கு மறுநாள் காலையில் அவள் செய்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தன. அந்தப் பங்குனி, சித்திரை முழுக்க, டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிற கண்டக்டர் திடீரென்று கண்ணை மூடி முதுகை நிமிர்த்தி நிற்பான். பயணிகள் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருப்பார்கள். புதிதாக ஏறினவர்கள் என்ன என்று கேட்டால், வரத்து வந்திருக்கு, இருங்க என்பார்கள். களத்து வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள், அதில் மலைச்சி களம் என்று மட்டும் இருக்கிறது. அங்கே இப்போது சேருகிற பிள்ளைகளுக்கு முதல் மாதம் முழுக்க மண்ணைத் தொடவும், குத்தை நிறுத்தவும், விழுந்தவனைத் தூக்கவும்தான் சொல்லித்தருகிறார்கள். அடி ஒன்றுகூடக் கிடையாது, பெற்றவர்கள் முணுமுணுத்தாலும் கிடையாது.

மலைச்சி இன்னும் முதல் பஸ்ஸுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள். சொரிமுத்துவும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து முதுகைக் காட்டுகிறான். பிடரியில் கட்டைவிரல், இருபுறமும் உள்ளங்கை, நடுவே ஒரு தட்டு. அதான் விழ வேண்டியது விழுந்து முடிந்துவிட்டதே, இன்னும் எதுக்கும்மா என்று ஒருநாள் தாயப்பன் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி?" என்றாள் மலைச்சி, கையை எடுக்காமல். "இனிமே எனக்குக் கோவமே வராதாக்கும்?"